தட்டில் வைத்த கை

ஆடிக் காற்று வேப்பமரத்தை வளைக்கிற ஊர் எங்கள் பக்கம் நிறைய உண்டு, கூரை ஓட்டைப் பிடுங்குகிற ஊரும் உண்டு, ஆனால் ஆட்களையே தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் இறக்கிவிட்ட ஊர் எங்களுடையது ஒன்றுதான், அதுவும் ஒரே ஒரு வருஷம், ஆனி முதல் வெள்ளியில் தொடங்கி ஆடி முடிகிற வரைக்கும். அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் சேலை முந்தியில் கருங்கல் முடிந்துகொண்டு தண்ணீருக்குப் போனார்கள், ஆண்கள் வேட்டி மடிப்பில் ஆளுக்கு இரண்டு கல் செருகியிருந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் விருந்தாளிகளை உட்கார வைப்பதற்கு முன்னால் மடிக்கு ஒரு அம்மிக்குழவி கொடுத்தார்கள். இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை. காரணம் தெரிந்திருந்தது, அதனால் ஆச்சரியம் இல்லை.

காரணம் என் வீட்டுக்காரி, ஊர் 'கொம்பையா வீட்டுக்காரி' என்று கூப்பிடுகிற பூலம்மாளிடமிருந்து தொடங்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஊருக்கு மேற்கே இருந்த நூல் மில்லில்தான் வேலை பார்த்தோம், அவள் காலை ஷிப்ட், நான் மூணாவது ஷிப்ட், நான் உள்ளே போகிறபோது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், நான் வருகிறபோது அவள் கேட்டில் எதிரே வருவாள், "பானையில சோறு இருக்கு" என்பாள், "சரி" என்பேன், இருபது வருஷமாக எங்கள் குடும்பம் பெரும்பாலும் இந்த இரண்டு வார்த்தையில்தான் நடந்தது. வீட்டில் ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். அவள் எழுந்த சூட்டில் நான் படுப்பேன், நான் எழுந்த சூட்டில் அவள் படுப்பாள்.

வைகாசியில் ஒரு நாள், அவளுக்கு அடுத்த மெஷினில் நின்ற செல்லக்கனியின் சடையை பெல்ட் இழுத்துவிட்டது. மேஸ்திரி டீக்கடையில் இருந்தார். பூலம்மாள் ஓடிப்போய் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள், அந்த வரிசையின் பதினாறு மெஷினும் நின்றது, செல்லக்கனியின் தலையில் கைப்பிடி அளவு முடி போனதோடு தலை தப்பியது. அந்தப் பொத்தானை மேஸ்திரி தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது மில்லின் சட்டம். பதினாறு மெஷினிலும் நூல் அறுந்து, மறுபடி ஓட முக்கால் மணி நேரம் ஆனது.

மானேஜர் கூப்பிட்டுக் கேட்டாராம்: "மெஷினை நிறுத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

இவள் சொல்லியிருக்கிறாள்: "அதிகாரமெல்லாம் இல்லைங்கய்யா, விரல்தான் இருந்துச்சு."

அந்தப் பதிலுக்குத்தான் வேலை போனது. பொத்தானுக்கு மன்னிப்புக் கடிதம் போதும் என்றிருந்தார்கள், பதிலுக்கு மன்னிப்பு இல்லை என்றார்கள். மறுநாள் காலை ஷிப்ட் உள்ளே போகவில்லை, அதற்கடுத்து ரெண்டாவது ஷிப்ட் போகவில்லை, மூணாவது ஷிப்டில் நாங்களும் போகவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். பூலம்மாளைத் திரும்ப எடு, அவ்வளவுதான் கோரிக்கை. இரண்டாவது கோரிக்கை ஒன்று எழுதலாமே என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள், யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மில்லுக்குள்ளே தேங்கியிருந்த நூல் மூட்டைகளை ஏற்றிப்போக லாரி வரும், அதை நிறுத்த கேட்டின் குறுக்கே ஒரு ஆள் உட்கார வேண்டும், அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் பின்னால் உட்காருவார்கள். எல்லோரும் வெயிலுமுத்து அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் ஃபிட்டர், நியாயஸ்தர், சங்கத்தில் பேப்பர் படித்துச் சொல்கிற ஆள். ஆனால் உடம்பு நாற்பத்தாறு கிலோ, அதில் பாதி இருமல்.

"என்னைய ஒரு போலீஸ்காரர் இடுப்புல தூக்கி வச்சிட்டுப் போயிருவாரு தாயி," என்றார் பூலம்மாளிடம். "கனமான ஆளாப் பாருங்க."

"நீங்க உக்காருதேன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. வனப்பேச்சி கோயில்ல உங்களுக்கு எடைக்கு எடை வெல்லம் போடுதேன்."

எங்கள் பக்கம் அது வழக்கம். ஆபத்தான காரியத்துக்குப் போகிற ஆளை வனப்பேச்சி கோயில் துலாபாரத் தராசில் ஒரு தட்டில் உட்கார வைத்து, மறு தட்டில் வெல்லம் வைப்பார்கள், தட்டு சமமானால் ஆள் நல்லபடி திரும்புவான். அவரும் சரியென்று தராசில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் வேலை நிறுத்தம் தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்ததால், ஊரெல்லாம் சேர்ந்து கொண்டுவந்த வெல்லம் இரண்டு உருண்டையும் ஒரு பொட்டலத் தூளும். வெல்லத் தட்டு ஆகாயத்தில் தொங்கியது, அண்ணாச்சியின் தட்டு தரையில் கிடந்தது, அவர் வெட்கத்தோடு இருமினார்.

அப்போது பூலம்மாள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வெல்லத்தின்மேல் கையை வைத்து அழுத்தினாள். தட்டு ஒரு விரற்கடை இறங்கியது. செல்லக்கனி தலைக்கட்டோடு வந்து கை வைத்தாள், நான் வைத்தேன், எங்களோடு மில்லுக்கு வந்துகொண்டே தையல்கடையும் வைத்திருந்த சவரிராயன் வைத்தான். இடமில்லாதவர்கள் முன்னால் நின்றவர் தோளில் கை வைத்தார்கள், அவர் தோளில் அடுத்தவர், கோயில் வாசல் தாண்டி, புளியமரம் தாண்டி, முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அந்தத் தட்டில் போய் இறங்க, அண்ணாச்சி தட்டோடு மெல்ல மெல்ல உயர்ந்து எங்கள் தலைக்குமேல் போய் நின்றார். குலவை போட்டோம். யாருக்கோ அழுகை வந்தது.

பூசை பண்ணுகிற பண்டாரம் மட்டும் முகத்தைச் சுளித்தார். "வெல்லத்தை வச்சா வெல்லம் போகும். கையை வச்சிட்டீகளே. தட்டுல வச்சதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தெரியுமில்ல?"

"கையை வெட்டியா வச்சிட்டுப் போக முடியும் சாமி?" என்று சவரிராயன் கேட்டான், எல்லோரும் சிரித்தோம்.

கையைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் வந்தோம். கையோடு வைத்த கனத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தது, மறுநாள் காலை செல்லக்கனி வாசல் தெளிக்கக் குனிந்து, நிமிர்ந்த வேகத்தில் கூரை விளிம்பில் தலை இடித்தபோதுதான் தெரிந்தது. ரேஷன் கடைத் தராசில் ஏறினாள், நாலு கிலோ முன்னூறு. நான் ஐந்தரை. பூலம்மாள் மூன்று எழுநூறு, அவள்தான் அழுத்தி வைத்தவள். மிச்சமெல்லாம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை. கோயிலிலிருந்து மில் கேட் வரைக்கும் தார் ரோட்டில் அண்ணாச்சியின் செருப்புத் தடம் கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்து கிடந்தது.

லாரி வந்தது. போலீஸ் வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள், அப்புறம் கயிறு கட்டி லாரியால் இழுத்தார்கள், கயிறு அறுந்தது, அவர் உட்கார்ந்திருந்த கல் பலகை ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியது, அவர் "மன்னிக்கணும்யா, நானா செய்யலை" என்று போலீஸ்காரரிடம் சொன்னார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் கனம், பஞ்சு லோடு ஏற்றிய லாரி ஒன்றின் கனம், அந்த ஒல்லி உடம்பில் இருமிக்கொண்டிருந்தது. லாரி வெறுமனே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அவரைத் தூக்க ஒருவரும் வரவில்லை. ஒரு தடவை தூக்கித் தோற்றவன் மறுபடி தூக்கிப் பார்ப்பதில்லை, இதை நான் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், எங்களுக்கு அது சுகமாக இருந்தது. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்து நரம்பு சுருட்டிய கால்கள் வலிக்கவில்லை. முழங்கால் தேய்ந்தவர்கள் கிணற்றுப் படியில் குதித்து இறங்கினார்கள். செருப்பு தேயவில்லை. கோவித்துக்கொண்டால் கிழவர்கள்கூட மச்சில் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். காற்றடிக்கிற நேரத்துக்குத் தெருவின் இரண்டு பக்கமும் தேங்காய் நாரில் திரித்த கொச்சக் கயிறு கட்டினோம், பிடித்துக்கொண்டு நடக்க. ஆடி பிறந்து காற்று உக்கிரமானபோது சவரிராயன் சட்டைகளுக்குக் கல் வைக்கிற பை வைத்துத் தைத்துக் கொடுத்தான். ஒரு நாள் அவனே கல் மறந்து கடைக்கு வெளியே வந்து, பேருந்து நிறுத்தக் கூரையில் போய் இறங்கினான். "டிக்கெட் எடுத்தியால?" என்று கீழேயிருந்து கேட்டோம். "ஏறுறதுக்கு எடுத்துட்டேன் வே, இறங்கத்தான் சில்லறை இல்ல" என்றான்.

ஆனால் லேசான ஆளால் கதவைத் தள்ள முடியாது. மாட்டை இழுக்க முடியாது. பாத்தியை வெட்டினால் மண்வெட்டிதான் எகிறும். சண்டையில் ஒருவன் அடித்தால் அடித்தவனும் பறப்பான், பட்டவனும் பறப்பான், அதனால் சண்டைகள் அண்ணாச்சியிடம் போயின. பிறகு மற்றதும் போயின. மகளை எந்த ஊரில் கொடுக்க, வேலித் தகராறில் யார் பக்கம் நியாயம், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க. முதலில் "நான் ஃபிட்டர்ப்பா, எனக்கென்ன தெரியும்" என்று சொன்னவர், பிறகு "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார், பிறகு "நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றார். அந்த 'நீ போ'வைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதில் ஒரு ஆறுதல் இருந்தது. கல்லையும் இறக்கி வைத்தது போல.

பூலம்மாள் மட்டும் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "எல்லாத்தையும் அவரே பாத்துக்கிடுதாருன்னா, நாம எதைப் பாக்க?"

"நம்ம வேலைக்காகத்தானே உக்காந்திருக்காரு."

"நம்ம வேலைன்னு சொல்லாதீக. என் வேலை. அதைத்தான் மறந்துருவாகளோன்னு இருக்கு."

இருபது வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது.

முப்பதாம் நாள் வாக்கில் மானேஜர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். அண்ணாச்சி எழுந்து உள்ளே போனார். மில்லின் சிமெண்டுத் தளத்தில் அவர் அடி வைக்கிற சத்தம் கேட்டுக்கு வெளியே எங்கள் வயிற்றில் கேட்டது, தொம், தொம் என்று, ஒவ்வொரு அடிக்கும் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம், அது எங்கள் சத்தம். வெளியே வந்து, "பேச்சு நல்லாப் போகுது" என்றார். இரண்டாம் முறையும் போனார், தொம், தொம். மூன்றாம் முறை போனபோது நான் கேட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தேன், காதைக் கம்பியில் வைத்திருந்தேன். ஒரு ஒல்லியான ஆள் ரப்பர் செருப்பு போட்டு நடக்கிற சத்தம் கேட்டது. சரக், சரக்.

தளத்தைக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சவரிராயன் முகத்தைப் பார்த்தேன். அவன் கேட் கம்பியிலிருந்த துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குள்ளே எதுவோ ஒன்று, ம்ஹும், என்றது. அவ்வளவுதான் நடந்தது.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தேன், இருபது வருஷம் மூணாவது ஷிப்ட் பார்த்த உடம்பு, வேலை நிறுத்தம் என்றாலும் பகலில்தான் தூங்கும். கல்லைக் கீழே வைத்துவிட்டு, பறக்காமலிருக்க இடுப்பில் கட்டுகிற துண்டை எடுத்தபடி கட்டிலில் உட்கார்ந்தேன். கட்டில் கிறீச்சென்றது.

நாற்பது நாளாகக் கேட்காத சத்தம். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மெல்ல ஒரு காலை ஊன்றினேன், மறுபடி கிறீச். என் கனம் என்னிடம் வந்திருந்தது. முழங்கால் வலித்தது. பூலம்மாள் அடுப்பங்கரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் நிற்கவில்லை. நான் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் பாயில்லாமல் படுத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பண்டாரம் சொன்னது நினைவிலிருந்தது. தட்டிலிருந்து கையை எடுத்தவன் நான் என்றாகிவிடும். முன்னூற்றுப் பதினொரு பேர் கை வைத்திருக்கும்போது என் ஒரு கை எடுபட்டதால்தான் அண்ணாச்சியின் அடி சரக்கென்று கேட்டதோ என்றும் இருந்தது. அதனால் சட்டைப் பைகளில் பழைய கற்களையே போட்டுக்கொண்டு, என் கனத்தோடு அந்தக் கனத்தையும் சேர்த்துச் சுமந்து, கொச்சக் கயிற்றைப் பிடித்தபடி, காற்றில் அலைகிறவன் மாதிரி நடந்தேன். காற்றில் அலைகிற மாதிரி நடப்பது லேசான காரியமில்லை. அதற்கு மிகவும் பலம் வேண்டும்.

குழாயடிச் சேற்றில் பாதத் தடம் ஒன்றைப் பார்த்தேன், நல்ல ஆழம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரும் கவனிக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, காலால் அதை அழித்தேன், என்னுடையதாக இருக்கலாம். மறுநாள் போனால் சேறு முழுவதும் ஏற்கெனவே வழித்து மெழுகியதுபோல் இருந்தது. என்னைப்போல் இன்னும் ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஆள் என்றுதான் நினைத்தேன். நாளுக்கு நாள் சேறு அதிகமாக மெழுகப்பட்டுக்கொண்டே வந்தது.

ஆடிக் கடைசி வாரம், மில் கேட்டின் முன்னால் பொதுக்கூட்டம். காற்று அன்றைக்கு மண்ணை வாரி அடித்தது. முன்னூறு பேரும் கயிற்றையும் வேப்பமரத்தையும் ஒருவரையொருவரும் பிடித்துக்கொண்டு நின்றோம். கேட்டுக்கு உள்பக்கம் மேஜையும், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி நின்றபடி காகிதத்தைப் படித்தார். எல்லோரையும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். யார் மேலும் நடவடிக்கை இல்லை. மூணாவது ஷிப்டுக்கு டீ உண்டு. பூலம்மாள் பொத்தானைத் தொட்டது தவறு என்பதைச் சங்கம் ஒத்துக்கொள்கிறது, அவளைப் பற்றிப் பிறகு பரிசீலிக்கப்படும்.

காகிதத்தை மடித்தார். "நீங்க குடுத்த கனத்தை வச்சுத்தான் இந்த முடிவை எடுத்திருக்கேன்," என்றார், உட்கார்ந்தார்.

பூலம்மாள் கூட்டத்திலிருந்து முன்னால் போய்க் கேட்டின் கம்பியைப் பிடித்தாள். அவள் குரல் சண்டைக் குரலாக இல்லை, கடையில் சாமான் மாற்றக் கேட்கிற குரல்.

"அண்ணே, என் கனத்தைத் திருப்பித் தந்துருங்க."

"தட்டுல வச்சதைத் திரும்ப எடுக்கக் கூடாது தாயி. பண்டாரம் சொன்னாருல்ல."

"சரி. நாற்காலி ஏன் உடையலை?"

அந்த மாதிரி நாற்காலிகள் பந்தலுக்கு வாடகைக்கு வருகிறவை, கொஞ்சம் தடித்த ஆள் உட்கார்ந்தாலே கால் விரியும். பஞ்சு லோடின் கனம் அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், அந்த ஒரு நொடி பழைய வெயிலுமுத்துவாக, பேப்பர் படித்துச் சொல்கிற ஆளாக இருந்தார்.

"எனக்கு எப்பவோ லேசாயிருச்சு பூலம்மா," என்றார், மெதுவாகத்தான், ஆனால் முன்வரிசையில் எல்லோருக்கும் கேட்டது. "மூணாந் தடவை உள்ள போனப்பவே. வெளிய வந்ததும் சொல்லிரலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா, நீங்க அம்புட்டுப் பேரும் கல்லைக் கட்டிக்கிட்டு நிக்கீக. சரி, கனமாத்தான் இருக்கேன் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பூலம்மாள் எங்கள் பக்கம் திரும்பினாள். முந்தியை அவிழ்த்தாள், கருங்கல் இரண்டும் ரோட்டில் விழுந்து உருண்டன. கம்பியை விட்டாள். ஆடிக் காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தது, முடியைப் பிரித்தது, மண்ணைக் கண்ணில் போட்டது, அவள் நின்ற இடத்தில் நின்றாள். கறுத்த, குட்டையான, ஐம்பத்தொரு கிலோ மனுஷி, எதையும் பிடிக்காமல்.

"யாரும் பறக்க மாட்டோம்," என்றாள். "அவுத்துப் பாருங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். "கொம்பையா வீட்டுக்காரி சொல்லுதான்னு இல்ல. நீங்களே அவுத்துக் காட்டுங்க."

என் கை சட்டைப் பைக்குப் போனது. கல்லைத் தொட்டேன், அது உடம்புச் சூட்டில் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். இந்தப் பக்கம் சவரிராயன் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காற்று அவனை இழுப்பதுபோலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் செல்லக்கனி, யாருடைய சடையில் இதெல்லாம் தொடங்கியதோ அவள், கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, ஐயோ போகிறேனே என்கிற முகத்தோடு சாய்ந்திருந்தாள். முன்னூறு பேரும் சாய்ந்திருந்தார்கள். நான் கீழே பார்த்தேன். காலையில் தண்ணீர் லாரி சிந்திய ஈர மண்ணில் முன்னூறு பேரின் பாதமும் கட்டைவிரல் புதையப் பதிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியாதது மாதிரி நின்றோம்.

ஒரே ஒருத்தர் அவிழ்த்திருந்தால் போதும். அந்த ஒருத்தரைத்தான் ஒவ்வொருத்தரும் தேடிக்கொண்டிருந்தோம்.

நான் பையிலிருந்து கையை எடுத்து, கயிற்றைப் பிடித்தேன். ஒரு வேகமான காற்று வந்தது. காற்றோடு சேர்ந்து நானும் சாய்ந்தேன்.

பூலம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரோட்டின் நடுவில், கயிற்றைப் பிடிக்காமல், வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் அடி வைக்கிற சத்தம் தெரு திரும்புகிற வரைக்கும் கேட்டது. தொம், தொம் என்றில்லை. ஒரு ஆள் நடக்கிற சத்தம்.

ஆவணி முதல் தேதி சங்கு ஊதியது, உள்ளே போனோம். கற்களை யாரும் பார்க்காத நேரங்களில் ஒவ்வொன்றாகக் கண்மாய்க் கரையில் போட்டார்கள், கயிறுகள் மாட்டுக் கொட்டடிக்குப் போயின, காற்று குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். பூலம்மாள் இப்போது உப்பளத்துக்குப் போகிறாள், விடியுமுன் வேன் வந்து ஏற்றிப்போகும். மூணாவது ஷிப்டில் டீ கொடுக்கிறார்கள், நல்ல டீதான். சிவப்புப் பொத்தானுக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டு, சாவியை வெயிலுமுத்து அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த அன்று நான் வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து கல் உருண்டு பட்ட கால் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் நின்றேன். அண்ணாச்சியைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், செல்லக்கனியைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், நானும் சேர்ந்து திட்டலாம் என்றிருந்தது.

"எனக்குக் கனம் என்னைக்குத் திரும்பி வந்துச்சு தெரியுமா?" என்றாள் நிமிராமல். "நீங்க அன்னைக்கு மத்தியானம் படுத்தீகள்ல, கட்டில் கிறீச்சுன்னுச்சு. வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன். எனக்கு மட்டுமில்லன்னு எம்புட்டு நிம்மதி. வந்து சொல்லுவாகன்னு நறுக்கிக்கிட்டே இருந்தேன். இருந்த வெங்காயம் பூராத்தையும் நறுக்கிட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டில் கிறீச்சென்றது, அவள் அதை அமுக்கப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் தரையில்தான் படுக்கிறேன். ஊரில் எல்லோரும் கற்களைப் போட்டுவிட்டார்கள். என் சட்டைப் பையில் இரண்டு இன்னும் இருக்கின்றன. வேலைக்குப் போகும்போதும் இருக்கின்றன, வரும்போதும் இருக்கின்றன, அவள் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து எடுத்துக் கீழே வைத்துவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வருகிறேன். வைத்தால் சத்தம் கேட்கும்.